இன்னாசி மாற்றிய ஆயில்

இன்னாசி மணப்பாட்டுக்காரர். கப்பல்களில் எஞ்சின் அறை ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பாளையங்கோட்டையில் மகள் ஜாய்சி வீட்டோடு வந்துவிட்டார். மருமகன் அஜினுக்கு வங்கியில் வேலை. அவன் தன் காரை வண்ணார்பேட்டையில் நடராஜ் என்பவரின் ஒர்க்‌ஷாப்பில்தான் விடுவான். இன்னாசிக்கு அது பொறுக்கவில்லை.

"ஆயில் மாத்துததுக்குப் போயி ஒருத்தன்ட்ட வண்டியக் கொண்டு விடுவாகளா மாப்ள? பாதி ஆயில ஊத்திட்டு மீதிய எடுத்து வச்சுக்கிடுவான். நீங்க நின்னு பாக்கவா போறிய?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல மாமா."

"எல்லாவனும் அப்படித்தான். வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்?"

சனிக்கிழமை வாசலிலேயே காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்துவிட்டார். அஜின் டார்ச்சோடு வந்து நின்றான்.

"வெளிச்சம் காட்டவா மாமா?"

"நீங்க போங்க. எஞ்சின் ரூம்ல கரண்டு போனாலும் கைத்தடவலாவே கழட்டி மாட்டுனவன் நான்."

மூக்குக்கண்ணாடி உள்ளே மேசைமேல் கிடந்தது. எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். மருமகனிடம் அதைக் கேட்க மனம் வரவில்லை. பழைய ஆயிலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வடித்தார். பழைய ஃபில்டரைத் திருகி எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். புது ஆயிலை ஊற்றினார். சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த அஜின், "பூப்போல ஓடுது மாமா" என்றான். அன்று சாப்பிடும்போது அந்தப் பேச்சை இன்னாசி தானாகவே இரண்டு தடவை இழுத்துவந்து பேசினார்.

திங்கட்கிழமை பிரேக் கீச்சிட்டது என்று அஜின் வண்டியை நடராஜிடம் விட்டு எடுத்து வந்தான். அது தன் வேலை இல்லை என்பதால் இன்னாசி ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை இரண்டு பேரும் அம்பாசமுத்திரம் புறப்பட்டார்கள். ஜாய்சியின் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த ஞானஸ்நானத்துக்கு அஜினின் பழைய மேலாளரை அழைக்க வேண்டியிருந்தது. பத்தமடை தாண்டியதும் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு. அஜின் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். அதே நேரம் பின்னால் ஏதோ தார்ரோட்டில் உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

வாழையிலைக் கட்டு ஏற்றி வந்த ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து கிடந்தது. கார் வந்த தடம் நெடுக ரோட்டில் ஆயில் சிந்தியிருந்தது. விழுந்தவர் கொம்பையா என்ற விவசாயி. முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. மணிக்கட்டு அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. அஜின் ஓடிப்போய் அவரைத் தூக்கினான். வயலில் நின்றவர்கள் வந்து ரோட்டில் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

இன்னாசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஃபில்டரின் விளிம்பிலிருந்து ஆயில் வடிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு ரப்பர் வளையம்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. ஒன்று பாதி பிதுங்கி வெளியே தொங்கியது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புதியதைத் திருகியிருக்கிறார். கப்பலுக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் அவர் முதலில் சொல்வதே, மாட்டுமுன் விரலால் தடவிப் பார் என்பதுதான்.

பார்த்து முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இப்பதான் வண்டிய வேலைக்கு விட்டு எடுத்தியளோ?" என்று கொம்பையா கேட்பது காதில் விழுந்தது.

"முந்தாநாளு பிரேக் பாக்க விட்டேன்" என்றான் அஜின்.

"அப்ப அங்கனதான் எதையோ லூசாக்கி விட்டுட்டான். நீங்க என்ன செய்விய பாவம்."

அஜின் குனிந்தான். "அப்படித்தான் இருக்குமா மாமா?"

"இருக்கும்" என்றார் இன்னாசி.

அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு எழுந்து கை மண்ணைத் தட்டிக்கொண்டார்.

கொம்பையாவை ஆட்டோவில் ஏற்றிச் சேரன்மகாதேவி ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எலும்பு முறியவில்லை. கட்டுப்போட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு காரை வேறொரு வண்டியில் ஏற்றி நேரே வண்ணார்பேட்டைக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் அஜின் கோபமாகப் பேசிக்கொண்டே வந்தான். இன்னாசி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். இப்போது சொல்லிவிடலாம், மேலப்பாளையம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே ஒர்க்‌ஷாப் வந்துவிட்டது.

அங்கே நாலைந்து வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அஜின் சத்தம் போட்டான்.

"ஒரு மனுசன் விழுந்து கெடந்தாரு அண்ணாச்சி! லாரி கீரி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? என்ன லெச்சணத்துல வேல பாத்திய?"

நடராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தம்பி, நான் வீலக் கழட்டி பிரேக்க மட்டுந்தான் பாத்தேன். ஆயில் பக்கம் கையே வைக்கல."

"அப்ப தானாக் கழண்டுச்சோ?"

காத்திருந்தவர்களில் ஒருவர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பிப் போனார். நடராஜ் அதைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி தம்பி. எங்கயாவது கை பட்டிருக்கும் போல. நானே சரிபண்ணித் தாரேன். அந்த ஆளு வீட்டையும் சொல்லுங்க, நான் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

செய்யாத தப்புக்கு அவர் தலை குனிந்ததும் இன்னாசி முன்னால் வந்தார்.

"அவரு ஒண்ணும் செய்யல மாப்ள" என்றார். "பழைய வளையத்த எடுக்காம நான்தான் ஃபில்டர மாட்டிட்டேன்."

அஜின் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். நடராஜ்தான் கேட்டார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரோட்டுலயே பாத்துட்டேன்."

"பாத்துட்டா இங்கன வந்து நின்னிய? அவரு என்னய ஏசி முடிக்குத வரைக்கும்?"

வேண்டுமானால் அடித்துவிடட்டும் என்று இன்னாசிக்கு இருந்தது. நடராஜ் அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அஜினைப் பார்த்து, "வண்டிய நாளைக்குச் சாயங்காலம் எடுத்துக்கிடுங்க தம்பி. நீங்க மட்டும் வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியிடம் போனார். அஜின் அவர் பின்னாலேயே போய் என்னவோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். மருமகன் தனக்காகக் கும்பிடுவதை இன்னாசி தள்ளி நின்று பார்த்தார்.

இருவரும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் அஜின் கொம்பையாவுக்குப் போன் போட்டு ஒர்க்‌ஷாப்காரர் மேல் தப்பில்லை என்றான். யார் மேல் தப்பு என்று சொல்லவில்லை.

வீட்டு வாசலிலேயே ஜாய்சி குழந்தையோடு நின்றாள். ரோட்டில் நடந்ததை அஜின் அப்போதே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தான். "என்னாச்சுப்பா? நடராஜ் அண்ணாச்சி சொதப்பிட்டாரா?"

"அவர் இல்ல. ஃபில்டர்ல ரப்பர் போயிட்டு. சிலது அப்படித்தான் வருது" என்று சொல்லிவிட்டு அஜின் செருப்பைக் கழற்றினான்.

இன்னாசி அப்படியே உள்ளே போய்விட்டிருக்கலாம்.

"ரப்பர் நல்ல ரப்பர்தான். மாட்டுனதுதான் தப்பு. நான் மாட்டுனது."

ஜாய்சி சிரித்தாள். "போங்கப்பா. நீங்களாவது, தப்பா மாட்டவாவது!"

அவள் நிஜமாகவே நம்பவில்லை. அஜின் உள்ளே போகாமல் கதவருகே நின்றான். இன்னாசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ரோட்டில் பார்த்ததையும், "இருக்கும்" என்று சொன்னதையும், ஒர்க்‌ஷாப்பில் வாய் மூடி நின்றதையும் மகளிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பாதியில் அவள் சிரிப்பு நின்றது. அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.