காவலுக்கு வைத்த நாய்

ஸம்ஸியா அலுமாரிக் கண்ணாடியைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு திரும்பியிருந்த அந்தச் சிறு நேரத்தில், சரீபா ஜன்னலில் தொங்கிய வெள்ளைச் சீலையின் ஓரத்தைத் தூக்கி, முற்றத்தில் நின்ற லொறிக்குக் கீழே பார்த்தாள். அது அங்கேதான் கிடந்தது. முன்னங்கால்களுக்கு நடுவே மூக்கை வைத்து, சுற்றிவர நூறு பேர் நிற்கிற நினைப்பே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"இத்தாவில இரிக்கிற பொம்புள, ஜன்னல்ல நிண்டு ஆம்புளயளப் பாக்கிறயா?" என்றாள் ஸம்ஸியா.

"ஆம்புளயள இல்ல ராத்தா. நாய."

"அது அதவிட மோசம்."

ஸம்ஸியா சரீபாவின் மூத்த சகோதரி. சரீபாவின் கணவர் ஜவுபர் மௌத்தாகிவிட்டார் என்று காலையில் செய்தி வந்ததும் ஓடி வந்து, அழ வேண்டியதை அழுது முடித்து, தங்கையின் இத்தாவுக்கு அறையைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டாள். நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் சரீபா இருக்கப்போகிற அறை. ஜன்னலுக்குச் சீலை, கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு, கண்ணாடிக்குப் போர்வை.

"கண்ணாடி பாக்கப்படாதெண்டு மார்க்கத்தில எங்க இரிக்கி பெரியம்மா?" என்று கதவடியில் நின்ற றஸ்னா கேட்டாள். சரீபாவின் மகள், பதினெட்டு வயது. அழுதழுது முகம் வீங்கியிருந்தாலும் கேள்வி கேட்பது மட்டும் நிற்கவில்லை.

"எங்கட உம்மா மூடினவ. நானும் மூடுறன். கதைய விட்டுட்டு உம்மாக்குத் தேத்தண்ணி கொண்டு வா."

ஜன்னல் கட்டில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி கிடந்தது. ஜவுபர் தாடியைச் சீராக்க வைத்திருந்தது. ஓரத்தில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. ஸம்ஸியா அதையும் விடவில்லை, குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

சரீபாவுக்கு நாய் என்றால் உயிர் போகும். ஒன்பது வயதில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட நாளிலிருந்து, தெருவில் ஒரு நாய் நின்றால் அடுத்த தெருவால் சுற்றிப் போகிறவள் அவள். அப்படிப்பட்டவளின் முற்றத்துக்கு ஒன்றரை மாதத்துக்கு முன் ஜவுபர் ஒரு நாயைக் கொண்டு வந்தார். சம்மாந்துறை மில்லிலிருந்து அரிசி ஏற்றி வரும்போது நடு ரோட்டில் நின்றதாம். ஹோர்ன் அடித்தாராம், மறுபடியும் அடித்தாராம், அசையவில்லையாம். கோபத்தில் கல்லை எடுத்துக்கொண்டு இறங்கியவர், பின்னால் இவ்வளவு பெரிய லொறி உறுமிக்கொண்டு நிற்க, அது வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு கல்லைப் போட்டுவிட்டார்.

பாண்டிருப்பில் சசிகரன் என்றொருவர், மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறவர், அடிபட்ட நாய்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர். ஜவுபர் அதை அவரிடம் கொண்டு போனார். சொறிக்கு மருந்து போட்டு, விசர்நோய் வராமல் ஊசியும் போட்டு, சசிகரன் சொன்னாராம்: "இதுக்குக் காது சுத்தமாக் கேளாது அண்ணன். ஒருத்தரும் எடுக்க மாட்டினம். ரோட்டில விட்டா ஒரு கிழமை தாங்காது."

அந்த ஏழு நாள் கணக்கு ஜவுபருக்குப் பொறுக்கவில்லை.

"நாய் இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க," என்றாள் சரீபா, பின்கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்று.

"வீட்டுக்குள்ளயா வெச்சிரிக்கன்? முத்தத்திலதானே. காவலுக்கு வெக்கலாம்."

"செவிட்டு நாயயா காவலுக்கு வெக்கிற?"

"அதத்தான் சொல்ல வந்தன். காது கேளாதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிராத. காவலுக்கெண்டு சொன்னாத்தான் ஊர்ல வாயத் திறக்க மாட்டாங்க."

அப்படித்தான் அந்தப் பொய் முற்றத்துக்கு வந்தது. அடுத்த வீட்டுக்காரர்களுக்கும், ஜவுபரின் தம்பி அபுல் ஹஸனுக்கும் அது காவல் நாய். உண்மை ஜவுபருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும். பேர் வைக்கவில்லை. கேட்காத காதுக்குப் பேர் எதற்கு என்று விட்டுவிட்டார்.

பழக்கியதெல்லாம் அந்த வட்டக் கண்ணாடியால். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, அதன் மூக்குக்கு முன்னால் மணலில் ஒரு வெளிச்சப் பொட்டை விழுத்துவார். அது எழும்பும். பொட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வருவார். அது பின்னால் வரும். வந்ததும் கையை விரித்துக் கீழே இறக்கினால் குந்தியிருக்கும், கை இறங்கியிருக்கும் மட்டும் அசையாது. சசிகரன் சொல்லிக் கொடுத்தவை இரண்டு. வெளிச்சத்தைக் காட்டிக் கூப்பிட்டால் ஒருநாளும் ஏமாற்றக் கூடாது, தின்ன ஏதாவது கொடுத்தேயாக வேண்டும். மற்றது, பின்னால் போய்த் தொடக் கூடாது. திடுக்கிட்டால் யாரென்று பாராமல் கடித்துவிடும்.

இதையெல்லாம் சரீபா ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள். ஒரு நாளும் முற்றத்தில் இறங்கியதில்லை.

இன்று காலை ஏழு மணிக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிச்சப் பொட்டு மணலில் வந்துகொண்டிருந்தது. பிறகு தாறுமாறாக ஓடி, முருங்கை மரத்தில் ஏறி, காணாமல் போனது. ஜவுபர் கவிழ்ந்து கிடந்த வாளியில் கையை ஊன்றிக் குந்தினார். அப்படியே சரிந்தார். நாய் ஓடிப் போய் அவருக்கு மேலே குனிந்து நின்று குரைத்தது. தன் சத்தம் தனக்கே தெரியாததின் குரைப்பு, கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கும்.

சரீபா பின்கதவைத் திறந்தாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். நாய் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவள் காலை இழுத்து, கதவை மூடிவிட்டாள்.

மூடிய கதவுக்குப் பின்னால் நின்று, "இஞ்சாருங்க, எழும்புங்க" என்று கூப்பிட்டாள். றஸ்னாவைக் கூப்பிட்டாள். கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, குளித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கேட்கவில்லை. பத்து நிமிஷம். றஸ்னா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள், கண்டதும் நேரே ஓடினாள். நாய் ஒதுங்கி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே உயிர் போய்விட்டது என்றார்கள். பத்து நிமிஷம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கும் அந்த நாய்க்கும் மட்டும் தெரியும்.

மூன்றரை மணிக்கு ஜவுபரின் மையத்தைக் குளிப்பாட்டி, கபன் துணியில் சுற்றினார்கள். மாலை அஸருக்குப் பள்ளிவாசலில் தொழுகை. ஜன்னலுக்கு நேரே மேற்கு வெயில் வந்திருந்தது. குளிப்பாட்டிய தண்ணீர் பின்பக்க வாய்க்காலால் ஓடி லொறிக்குக் கீழே தேங்க, நாய் நனைந்து எழும்பியது. வெளியே வந்து, நடைபாதைக்குக் குறுக்கே நின்று, உடம்பைச் சிலுப்பியது.

வெள்ளை உடுப்போடு நின்றவர்கள் பதறி விலகினார்கள். காய்ந்த நாய் உரசினாலும் பரவாயில்லை. ஈர நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். தொழுகைக்கு நேரமோ கிட்டிவிட்டது. அந்த வழியால்தான் மையத்தைச் சுமக்கிற சந்தூக்கு போக வேண்டும்.

"சீ, போ அங்கால," என்றார் ஒருவர். அது அசையவில்லை. இன்னொருவர் கை தட்டினார். ஒரு கல் போய் முதுகில் பட்டது. நாய் கல் விழுந்த பக்கம் பாராமல் வேறெங்கோ பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தது. வாயில் நுரை மாதிரி ஏதோ தெரிந்தது. தாகத்தில் வடிகிற எச்சில் என்று சரீபாவுக்குத் தெரியும். காலையிலிருந்து அதற்கு யாரும் தண்ணீர் வைக்கவில்லை.

"கத்துறம், திரும்பியும் பாக்குதில்ல. விசர் ஏறிட்டு," என்றது ஒரு குரல்.

"அல்லாவே, காக்காட மையத்தில பட்டிரப் போகுது," என்றான் அபுல் ஹஸன். கொல்லுகிற ஆள் இல்லை அவன். காலையிலிருந்து அழுத கண். அந்தக் கண்ணில் இப்போது பயம் மட்டும் இருந்தது. மண்வெட்டியின் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடியை எடுத்துக்கொண்டு, லொறியைச் சுற்றி, நாயின் பின்பக்கமாக வரத் தொடங்கினான்.

"றஸ்னா, போய்ச் சொல்லு, அதுக்குக் காது கேளாதெண்டு சாச்சாட்டச் சொல்லு. பின்னால போகப்படாதாம் எண்டு சொல்லு."

றஸ்னா வாசலுக்கு ஓடினாள். அங்கே ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சந்தூக்கைத் தூக்கினார்கள். லாயிலாஹ இல்லல்லாஹ் என்று கலிமா நூறு குரலில் ஒன்றாக எழும்பியது. அதற்குள் ஒரு பெண்பிள்ளை கூப்பிடுவது யாருக்குக் கேட்கும்?

அபுல் ஹஸன் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டான். இன்னும் கொஞ்சம் வந்தால் தொடுவான். தொட்டால் அது கடிக்கும். கடித்தால் அங்கேயே அடித்துக் கொல்வார்கள், ஜவுபருடைய சந்தூக்குக்கு முன்னால். காலையில் படியில் வைத்து இழுத்த கால் சரீபாவுக்கு நினைவு வந்தது. இன்னொரு தரம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

சீலையை ஒதுக்கினாள். குப்புறக் கிடந்த கண்ணாடியை எடுத்தாள்.

"சரீபா, என்ன செய்யிறாய்?" ஸம்ஸியாவின் குரல் கீச்சிட்டது. "புருசன்ட மையத்து வாசலத் தாண்டல்ல, கண்ணாடிய எடுக்கிறயா? ஊர் பாத்துக்கொண்டிரிக்கி."

கம்பிக்கு வெளியே கையை நீட்டி வெயிலைப் பிடித்தாள். பழகாத கை. வெளிச்சப் பொட்டு வெள்ளைச் சட்டைகளில் பாய்ந்து, ஒருவரின் தொப்பியில் ஏறி, லொறிச் சில்லில் விழுந்து துடித்தது. ஆட்கள் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பொட்டு மணலில் இறங்கி, நாயின் மூக்குக்கு முன்னால் நின்றது.

நாய் காதை நிமிர்த்தியது.

அவள் பொட்டை மெல்ல இழுத்தாள். நாய் வந்தது. அபுல் ஹஸன் தூக்கிய பிடியோடு நின்றான். வெளிச்சத்தைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், ஜன்னலில் தெரிந்த கையைப் பார்த்தான். பிறகு பிடியைத் தாழ்த்தினான்.

நாய் ஜன்னலுக்குக் கீழே வந்து தலையைத் தூக்கியது. இப்படிக் கிட்டத்தில் அதை அவள் கண்டதே இல்லை. பல், ஈர மூக்கு, மண் நிறத்தில் இரண்டு கண். ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் வெளிச்சத்தைக் காட்டிக் கூப்பிட்டாயிற்று. றஸ்னா தேத்தண்ணியோடு கொண்டு வந்து வைத்த கிரீம் கிராக்கர் பிஸ்கட் மேசையில் தொடாமல் கிடந்தது. கண்ணாடியை இடக்கைக்கு மாற்றி, ஒன்றை எடுத்துக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களில் மூச்சுப் பட்டது. பிறகு சூடாக, சொரசொரப்பாக நாக்கு. பிஸ்கட் போய்விட்டது. விரல்கள் இருந்தன.

கையை விரித்துக் கீழே இறக்கினாள். அது குந்தியது.

இனி அந்தக் கையை எடுக்க முடியாது. எடுத்தால் அது எழும்பிப் போகும். வாசலுக்கு ஓடிப்போய் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஜன்னலிலிருந்து வாசல் கேற் தெரியாது. இடக்கையில் கண்ணாடி இருந்தது. வெளியே நீட்டிச் சரித்தாள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் சந்தூக்கு வந்தது. பச்சைப் போர்வை, நாலு தோள், பின்னால் பிடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்த அபுல் ஹஸன். கேற்றைத் தாண்டியதும் வட்டத்தில் வெறும் ரோடு மட்டும் மிஞ்சியது. கலிமாச் சத்தம் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

ஸம்ஸியா கட்டிலில் இருந்து அழுதாள். கண்ணாடியைப் பறிக்க வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் றஸ்னா ஒரு பேசினில் மண்ணும், வாளியில் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தாள். "கையக் காட்டுங்க உம்மா. ஏழு தரம் ஊத்திக் கழுவுவம்."

சரீபா கையைப் பார்த்தாள். நாக்குப் பட்ட இடம் இன்னும் காயவில்லை. கீழே அது அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, சொன்னபடி அசையாமல் இருந்தது.

"இரி மகள். காலையில வாப்பா கூப்பிட்டதுக்கு அதுக்கு ஒண்டும் கிடைக்கல்ல," என்றாள். "கழுவிறத்த ஒரேயடியாக் கழுவுவம்."

தட்டிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். கம்பிக்கு வெளியே நீட்டினாள். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை.