கொழுப்பு இருந்த இடம்

மதிவதனியை நடக்க வைப்பதற்கென்றே முத்துவேல் காலையில் வண்டியை எடுப்பான். போளூர் ரோட்டில் அவள் முன்னால் நடக்க, அவன் மொபெட்டில் மெதுவாகப் பின்னாலேயே வருவான். நின்றால் ஹாரன்.

"ஜல்தி நட. பட்டுக்கடைக்காரன் பொண்டாட்டி மூட்டையாட்டம் கீறாளேன்னு ஊரே சிரிக்குது."

அவளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான், அம்மா வாகு. முத்துவேலுக்குக் கை கால் குச்சி. சட்டைக்குள் கெட்டியாய் ஒரு தொப்பை மட்டும். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்தது. யார் கண்ணிலும் படவில்லை. வீட்டில் முறுக்கு டப்பாகூட பீரோவுக்குள்தான், சாவி அவன் அரைஞாணில். கடைக்கு மட்டும் அவனுக்குச் சமோசா வந்துகொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தில் அவள் ஒரு வாய் காபி குடித்தாலும் சாயங்காலம் விசாரணை நடக்கும். வாசல்படியைத் தாண்டி உள்ளே நுழையும்போதே அவளுக்கு மூச்சு முட்டியது. அது சதையால் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் திட்டுவானோ என்று இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு திரும்பினாள். வண்டி சரிந்து கிடந்தது. மண்ணில் உட்கார்ந்திருந்த முத்துவேலின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"மதி... நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துகினு கீறாப்புல கீதுடி."

களம்பூர் அரிசி லாரி ஒன்றைக் குறுக்கே நின்று மறித்தாள். அதிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனாள். ஆரணி ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்து, அது திறந்தே இருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். வராண்டாவில் காத்திருந்த மதிவதனிக்குத் தலை சுற்றியதால் நர்ஸ் அவளுக்கும் பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் டாக்டரம்மா முத்துவேலைப் பார்க்க வந்தார். "உங்களுக்குக் கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள, ஈரலையும் குடலையும் சுத்திப் படிஞ்சிருக்கு. அது சும்மா இருக்காது. ரத்தத்துல கெட்டதைக் கலந்து குழாயைப் புண்ணாக்கும். குழாய் இறுகும், அடைக்கும்."

"நான் ஒல்லி டாக்டர். இவதான்..."

"இவங்களுக்கு இருக்கறது தோலுக்கு அடியில, தொடையில. அது வேற கொழுப்பு, அந்த அளவுக்குக் கெடுதல் பண்ணாது. இவங்க பிரஷர், சுகர், ரத்தக் கொழுப்பு எல்லாம் சரியா இருக்கு. நடக்கறது யாருக்கும் நல்லதுதான். ஆனா முதல்ல நடந்திருக்க வேண்டியது நீங்க."

முத்துவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். படவேட்டிலிருந்து வந்த அவன் அக்கா பூங்காவனம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"எண்ணெய ஊத்தி ஊத்தி ஆக்கிப் போட்டே. நீ தின்னு கொழுத்தே, என் தம்பிக்கு நெஞ்சு அடைச்சிகிச்சு."

மதிவதனி முத்துவேல் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

"டாக்டர் இன்னா சொன்னாங்கன்னு உங்க தம்பியவே கேளுங்க அண்ணி."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். முத்துவேல் கண்ணை மூடிக்கொண்டான். இமை மட்டும் துடித்தது.

"செத்துப் பொழச்சவனப் போயி கேள்வி கேக்கறா பாரு!" என்றாள் பூங்காவனம்.

மதிவதனி நகரவில்லை. டாக்டரம்மா சொன்னதை முதலிலிருந்து அவளே சொன்னாள். நடுவில் யாரோ காபி கேட்டார்கள், போடப் போகவில்லை. முழுக்கச் சொல்லி முடித்தாள்.

பிறகு பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இருக்கட்டும். இனிமே அவன வுட்டு எங்கியும் போவாதே. கூடவே இருந்து நீதானே பாத்துக்கணும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். முத்துவேல் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.