புரட்டிப் போட்ட மரம்

“ஏங்க, துளை கோணிப் போச்சுன்னா மரத்துல கோளாறா மெஷின்ல கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?”

“அது என்ன பெரிய வித்தை. மரத்தைப் புரட்டிப் போட்டு இன்னொரு தடவ ஓட்டணும். கோளாறு மரத்துல இருந்தா, மரம் புரண்டதும் கோணலும் கூடச் சேந்து புரளும். மெஷின்ல இருந்தா, நீ மரத்தை எப்படிப் போட்டாலும் துளை பழைய பக்கமே இழுத்துட்டுப் போகும்.”

“மெஷின்லதான்னு தெரிஞ்சா?”

“ஒத்துக்கிட்டுச் சரி பண்ணணும். மரத்து மேல பழியப் போட்டுட்டுச் சாப்பிடப் போறவன் மெக்கானிக்கா? அவன் வேட்டி தொவைக்கத்தான் லாயக்கு.”

“நீங்க வேட்டியும் தொவைக்க மாட்டீகளே.”

ஜெனிலா சொன்னதைக் கேட்டுச் செல்வின் அன்று அப்படிச் சிரித்தான். கல்யாணம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மூடிப்போன மில் ஒன்றின் பழைய இரும்பை வாங்கி வந்து அவன் தன் கையாலேயே கட்டிய மெஷின் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. நீளமான இரும்புப் படுக்கை, அதன் மேல் அசையாமல் இறுக்கிக் கட்டிய மரத்தடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தில் மோட்டார் நகர்ந்து வர, ஒன்பதடி கம்பியின் நுனியில் இருக்கும் துளைபோடும் பிட்டு சுழன்றுகொண்டே மரத்தின் ஒரு தலையில் நுழைந்து மறு தலையில் வெளியே வரும். இப்போது கட்டுகிற வீடுகளில் பாரத்தைத் தாங்குவது இரும்புக் குழாய். தேக்குத் தூண் அதன் மேல் சட்டை மாதிரி மாட்டிக்கொள்வதற்குத்தான். துளை அரை அங்குலம் விலகினாலும் தூண் ஒரு பக்கம் மெலிந்து வெடித்துவிடும். இப்படி ஒரு மெஷின் இந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு எவனிடமும் இல்லை என்று செல்வின் சொல்லிக்கொள்வான். பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு, இந்தச் சனிக்கிழமை மத்தியானம் தூக்குச்சட்டியோடு ஷெட்டுக்குள் நுழைந்த ஜெனிலாவுக்கு வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. காரணம், உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்த காளிராஜ்.

காளிராஜுக்குச் சோழபுரம். புது வீட்டுக்கு நாலு தூண் வேண்டுமென்று தேக்குத் தடிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். இரண்டு தடிகளை ஓட்டியாகிவிட்டது. இரண்டிலும் துளை நடுவில் நுழைந்து ஓரத்தில் வெளியே வந்திருந்தது.

“உள்ள கணு முண்டு இருக்கு, தம்பி. பிட்டை அது தள்ளிவிட்டிருக்கு” என்றான் செல்வின்.

“ரெண்டு மரத்துலயும் ஒரே எடத்துலயா முண்டு இருக்கும்?”

“மரம்னா அப்படித்தான். நான் என்ன அதுக்குள்ள போயா பாத்தேன்?”

காளிராஜ் அந்தத் தடியைக் குனிந்து தடவிப் பார்த்தான். கோபம் போய் அவன் குரலில் ஒரு நக்கல் வந்திருந்தது. “மரம் எதுத்துப் பேசாதுன்னு அது மேலயே சொல்றீக அண்ணாச்சி. எனக்கு நட்டஈடு ஒண்ணும் வேண்டாம். மிச்சம் ரெண்டையும் தொடாதீக. மரமா மெஷினான்னு பாத்து வைங்க, சாயங்காலம் வாரேன். மரம்தான்னா நான் வாய மூடிட்டு வேற வாங்கிக்கிடுறேன்.”

வாசலில் நின்றவளைப் பார்த்ததும் “வாங்க மைனி” என்று குரலைத் தணித்துக்கொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டான்.

ஜெனிலா தூக்குச்சட்டியை மேஜையில் வைத்தாள். தோளில் கிடந்த கைப்பையை மட்டும் கழற்றவில்லை. வியாழக்கிழமையிலிருந்து அந்தப் பை அவள் தோளை விட்டு இறங்கவே இல்லை. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் பையை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது அவளே மற்றப் பெண்களுக்குச் சொல்லும் சட்டம். வெள்ளிக்கிழமை முழுக்க அவளே அதை மீறி, தோளில் பையோடு துணியில் கறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்குள் ஒரு தாள் இருந்தது.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகு நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “நாப்பத்தி ஒண்ணு ஆகுதில்ல உங்களுக்கு. கருமுட்டை ஏறக்குறைய தீந்துபோச்சும்மா. இதுக்கு மேல மருந்து எழுதி உங்க உடம்பைப் பாடாய்ப் படுத்த எனக்கு மனசில்ல.” ஃபைலை மூடப் போனவர், மூடாமல் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கணவரின் விவரம் என்று அச்சடித்திருந்த பக்கம். பெயரும் வயதும் தவிர மற்றக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. “இத்தன வருசத்துல இந்தப் பக்கம் நிரம்பவே இல்லையே. அவர் ஒரு தடவகூட வரலையாம்மா?”

வந்தார், கேட் வரைக்கும் வந்தார் என்று சொல்ல நினைத்து, ஜெனிலா தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் ராஜபாளையத்திலிருந்து பைக்கில் கூட்டிப் போவது செல்வின்தான். கேட்டில் இறக்கிவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொள்வான். அவள் உள்ளே போய் ரத்தம் கொடுப்பாள், ஸ்கேன் எடுப்பாள், கருக்குழாய் அடைப்பு பார்க்கிறோம் என்று அவர்கள் செய்ததில் உயிர் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். வெளியே வந்தால் அவன் கையில் கால்கிலோ பால்கோவா இருக்கும். “சாப்பிடு ஏட்டி, முகம் வாடிக் கெடக்கு” என்பான். ஆசையாகத்தான் சொல்வான். பால்கோவா வாசனையே அவளுக்கு ஆகாமல் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதை அவனிடம் சொன்னதில்லை. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அது ஒரே ஒரு கேள்வி. நாலாவது வருஷம், டாக்டரம்மா செல்வினும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வாயால் சொல்லக் கூசி, ஜெனிலா அதை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். மறுநாள் அந்தச் சட்டை துவைக்க வந்தது. பைக்குள் அந்தச் சீட்டு ஊறிக் கூழாகி, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. படித்துவிட்டு வைத்தானா, பார்க்கவே இல்லையா? அன்றைக்கு அவன் வழக்கம்போல இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். அவளும் ஊற்றினாள். அத்தோடு அந்தக் கேள்வி அவள் தொண்டையில் தங்கிப்போனது.

மாமியார் ஏசம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளுக்கு வயிற்றுவலி என்றால் ராத்திரியெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். ஆனால் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், “ஆண்டவரே, என் மருமக ஜெனிலாவோட கர்ப்பத்தைத் தொடும்” என்று உருகி ஜெபிப்பாள். முப்பது பெண்களும் ஆமென் சொல்வார்கள். கூட்டத்தின் நடுவில் ஜெனிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் கால்விரல்களையே பார்த்திருப்பாள். அந்த ஜெபத்தில் செல்வின் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. “என் மூத்தவனுக்கு மூணு, நடுவுலவனுக்கு ரெண்டு. எங்க ரத்தத்துல அந்தக் கொறை கெடையாது” என்பது ஏசம்மாள் எப்போதோ போட்டுவிட்ட முடிவு.

“சோறு வைக்கவா?” என்றாள் ஜெனிலா.

“பொறவு” என்றான் செல்வின். அவன் கெட்டுப்போன தடியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். “என்ன பேச்சுப் பேசிட்டுப் போறான் பாத்தியா. புரட்டிப் போட்டு ஓட்டிக் காட்டினாத்தான் அடங்குவான். கூட வேல பாக்குற இந்தச் சோலைராஜ் பய வேற இன்னைக்குன்னு பாத்து லீவு போட்டுட்டான்.”

“நான் பிடிக்கேன்.”

“நீயா? கை வலிக்கும்டி.”

“பரவாயில்ல. ஓட்டிப் பாத்துருவோம்.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, செல்வின் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு சாக்கட்டியை எடுத்து, துளை விலகியிருந்த பக்கமாகத் தடியின் தலையில் ஒரு பெருக்கல் குறி போட்டான். அது ரோட்டைப் பார்த்த பக்கம். செயின் புல்லியில் தடியைத் தூக்கி இரண்டு பேருமாக அரைச் சுற்றுச் சுற்றி இறக்கினார்கள். இப்போது சாக்குறி பின்சுவரைப் பார்த்திருந்தது. பழைய துளைக்கு இரண்டு அங்குலம் மேலே புதுத் துளைக்கு அடையாளம் வைத்தான்.

“கோணல் சாக்குறிப் பக்கம் போனா மரம். ரோட்டுப் பக்கம் வந்தா...” அவன் முடிக்கவில்லை. “நீ அந்தத் தலைமாட்டுல நின்னு பாரு. நுனி வெளிய வந்ததும் சொல்லு. கையைக் கிட்டக் கொண்டுபோயிராத.”

மோட்டார் ஓடத் தொடங்கியது. ஒன்பதடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அடிக்கொரு தடவை கம்பியை வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். தேக்குத் தூள் மஞ்சளாகக் கொட்டி, தரையெல்லாம் பரவி, அவள் செருப்புக்குள்ளும் போனது. ஷெட்டின் தகரம் மத்தியான வெயிலில் கொதித்தது. ஜெனிலா மரத்தின் மறுதலையில், இன்னும் ஒன்றுமே இல்லாத அந்த வட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். வருஷக்கணக்காக வயிற்றுக்குள் ஊசியையும் குழாயையும் விட்டு, ‘ஒண்ணும் தெரியலையே, எல்லாம் நார்மலாத்தான இருக்கு’ என்று அவர்கள் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும், அது ஏன் தனக்குச் சந்தோஷமாக இல்லாமல் பயமாக இருந்தது என்பதை அவள் நின்று யோசித்ததே இல்லை.

மரத்தின் முகத்தில் ஒரு புள்ளி மெல்லப் புடைத்தது. நார் கிழிந்தது. பிட்டின் நுனி எட்டிப் பார்த்தது.

சாக்குறி ஒரு பக்கம் இருந்தது. நுனி அதற்கு நேர் எதிர்ப்பக்கம், முழுசாக ஒரு அங்குலம் தள்ளி, ரோட்டைப் பார்த்து வந்து நின்றது.

சுவர்ப்பக்கம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. செல்வின் முகம் விழுந்துபோவதைப் பார்க்க அவளால் எப்போதும் முடிந்ததில்லை. ஆனால் அவன் வந்து பார்க்கத்தானே போகிறான்.

“ரோட்டுப் பக்கம்” என்றாள்.

மோட்டார் நின்றது. செல்வின் வந்து பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே, கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்தான்.

“எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்” என்றான்.

ஜெனிலா பிட்டின் நுனியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

“தண்டவாளம் ஒரு பக்கம் எறங்கியிருக்கு. சத்தத்துலயே தெரிஞ்சுது. ஓட்டிப் பாக்கத்தான் பயம். பாத்துட்டா பொறவு ஒத்துக்கிடணும்ல. வாரவன் மரத்தையெல்லாம் கொறை சொல்லிச் சமாளிச்சேன். எத்தன பேரு நல்ல மரத்தத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினானோ.”

“இதுக்கு என்ன பயம்?”

“நான் செஞ்சதுல்லா. அதுல கோளாறுன்னா என்கிட்டக் கோளாறுன்னுதான அர்த்தம்.”

வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜெனிலா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் ஆங்கிலத்தை மெல்லத்தான் படிப்பான். கடைசி இரண்டு வரியை அவன் உதடுகள் இரண்டு தடவை படித்தன.

“இது எப்பம்?”

“வியாழக்கிழம.”

“நான்தான கூட்டிட்டுப் போனேன். ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லத்தான் வந்தேன். பால்கோவாவப் பிரிச்சு நீட்டினீக.”

அவன் கண் கலங்கியது. எழுந்து வந்து தூள் படிந்த கையை அவள் தலையில் வைத்தான். அந்தக் கையின் கனம் அவளுக்குப் பழகியது, பிடித்தமானது. இந்தக் கைக்காகத்தான் இத்தனை வருஷம் எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“விடு ஏட்டி. நமக்குக் கர்த்தர் அம்புட்டுதான் வச்சிருக்காரு. அம்மாட்ட நான் பேசிக்கிடுறேன், உன்னைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல விட மாட்டேன். நான் என்னைக்காவது உன்னையக் கொறையா ஒரு சொல் சொல்லியிருக்கேனா?”

“இல்ல” என்றாள் ஜெனிலா.

சொன்னதில்லை, அது நிஜம். அவன் மன்னித்துவிட்டிருந்தான். பதின்மூன்று வருஷமாக, அவள் செய்யாத ஒன்றுக்காக, ஒரு நாள்கூடக் கோபப்படாமல் அவளை மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறான். இனி சாகும்வரை மன்னிப்பான். ஏசம்மாளின் ஜெபம் இனி வேறு மாதிரி மாறும். முப்பது பெண்களும் அதற்கும் ஆமென் சொல்வார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ முழுசாக அணைந்துபோனது போல் இருந்தது.

செல்வின் தாளை நாலாக மடித்தான். மடித்து, வழக்கம்போலச் சட்டைப் பையில் வைக்கப் போனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அதைச் சட்டைப் பையில வைக்காதீக.”

அவன் கை அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அன்றைக்கு அவன் அந்தச் சீட்டைப் படித்திருக்கிறான். ஒவ்வொரு எழுத்தையும் படித்துவிட்டுத்தான் சட்னி கேட்டிருக்கிறான்.

ஜெனிலாவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவன் மணிக்கட்டை விடவில்லை.

“பிள்ளைக்காகக் கேக்கல. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு” என்றாள். “எனக்குத் தெரியணும், அம்புட்டுதான். திங்கக்கிழம என்கூட அந்தக் கேட்டத் தாண்டி உள்ள வாங்க. நீங்களும் ஒரு தடவ டெஸ்ட் எடுத்துக்கோங்க.”