கோணேஸ்வரி போட்ட பிரேக்

கிட்ட வந்து இருங்கள் கண்ணுகளே, நல்ல கதையொன்று சொல்கிறேன்.

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் கோணேஸ்வரி தங்கள் சின்னக் காரை முற்றத்தில் ஜக் போட்டு உயர்த்தி, முன் பிரேக்கின் தேய்ந்த பாட் கட்டைகளைத் தானே மாற்றினாள். புதுக் கட்டைகளுக்கு இடம்விட்டு பிரேக் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, படகுப் பலகை இறுக்கக் கணவன் தனோஜன் வைத்திருந்த கிளாம்பை எடுத்தாள்.

“பிரேக் பிடிக்காட்டி கடலுக்குள்ளதான் போய் நிப்பம்,” என்றான் அவன்.

“பயமெண்டா நடந்து வாங்கோவன்!”

சில்லைப் பூட்டிக் காரை இறக்கி, பிரேக் பெடல் இறுகும்வரை அவள் மிதித்துப் பார்த்தாள். கண்ணூறு கழியட்டும் என்று அவன் சில்லுக்கடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்தான்.

“இனி அம்மாளாச்சி விட்ட வழி,” என்று, காரை ஓட்ட இருந்த அவளுக்குப் பக்கத்தில் ஏறினான்.

கடற்கரைச் சரிவில் ஆடொன்று குறுக்கே பாய்ந்தது. அவள் மிதித்த மிதியில் கார் கீச்சிடாமல், நேராக நின்றது.

தனோஜன் தலையை வெளியே நீட்டி, கரைவலை இழுத்தவர்களைப் பார்த்துக் கத்தினான்:

“பாத்தியளோ? என்ர மனிசி போட்ட பிரேக்!”

உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு வாசலுக்குத் திரும்பி வரட்டும், பிள்ளைகளே.