சராசரிக்குக் கொஞ்சம் மேல

1

ஒரு பல்கலைக்கழகத்தின் உணவியல், உடற்பயிற்சி அறிவியல் துறைக்குப் பாடநூலின் தமிழைத் திருத்தப் போயிருந்தேன். அங்கே ஒரு பேராசிரியை சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ஆய்வகத்து ஜன்னலில் மாலை வெயில்..." (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது: அன்று செய்முறை வகுப்பு. தோலைக் கிள்ளிப் பிடித்து அடியிலுள்ள கொழுப்பை அளக்கும் இடுக்கியை* மாணவர்களுக்குப் பழக்க வேண்டும். அளவு கொடுக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. பள்ளி விட்டு வந்து மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பேராசிரியை கூப்பிட்டாள்.

"சும்மா ரெண்டு நிமிஷம் கண்ணு. அம்மாவுக்காக."

ஒரு மாணவன் கிள்ளினான். இன்னொருவன் எண்ணை உரக்கப் படித்தான். பேராசிரியை அதைப் பலகையில் எழுதினாள். "சராசரிக்குக் கொஞ்சம் மேல. இந்த வயசுல சகஜம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. (ஒருவனைச் சிரிக்க வைத்தேன், பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். பழியை அவன் தலையில் கட்டிவிட்டு இவள் தப்பித்திருப்பாள்.)

* வலிக்காது என்கிறார்கள். என் கையிலேயே போட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லைதான்.

3

மகள் முதலில் இனிப்பை விட்டாள். "நம்ம பாடம் வீட்லயும் எடுபடுதே" என்று அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு காலைச் சாப்பாடு போயிற்று. பிறகு...

இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஊரார் பிள்ளை என்றால் வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்திருப்பாள். தன் பிள்ளை என்றதும் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிட்டது. சொல்லப்போனால் எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான். இவளை நல்லவளாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

மகள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பிவிட்டாள். சாப்பிடாவிட்டால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

4

சாப்பாட்டு மேசை. தட்டில் கொஞ்சம் சோறு, ஒரு முட்டை.

"இதுல எவ்வளவு கலோரிம்மா?"

"தெரியல கண்ணு."

"பொய் சொல்லாத. பாத்த உடனே சொல்லுவியே."

மகளே கணக்கைச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு என்னை ஏன் கூப்பிட்ட?"

"வர்றேன்னவர் வரல. வகுப்பை நிறுத்த முடியாதுல்ல..."

(மன்னிப்புக் கேட்கட்டும் என்று அரைப்பக்கம் காலியாக விட்டுப் பார்த்தேன். விளக்கம்தான் சொல்கிறாள்.)

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். மகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அளக்காத."

5

மகள் சாப்பிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். படிக்கக் கூச்சமாக இருந்தது. சாப்பிடாததாக எழுதக் கை வரவில்லை. வாசகரே, நீங்களே எப்படியாவது முடித்துக்கொள்ளுங்கள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் இப்போது எத்தனை கிலோ என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். அவள் இதைப் படிப்பாள். படித்துவிட்டு, அதைவிடக் குறைத்துக் காட்டுவாள்.