பேச்சு நின்ற வண்டி

அசாஜிலேயின் வண்டி பேசும். கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, மலையூரான ம்பேயா வரைக்கும் வந்து சேர்ந்த பழைய ஜப்பான் வேன் அது. எட்டுப் பேர் உட்காரலாம் என்று காகிதத்தில் இருந்தது. பதினோரு பேருக்குக் குறைந்து அது ஊரைத் தாண்டியதே இல்லை. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் ஜப்பான் பாஷையில் நீளமாக ஏதோ சொல்லும். வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

அவன் மனைவி துசெகிலேக்கு மட்டும் போகப்போகக் கொஞ்சம் பிடிபட்டது. நீளமாகப் பேசினால் கவலைப்பட ஒன்றுமில்லை. 'டோவாகா ஐத்தே' என்று சுருக்கமாகச் சொன்னால், இடப்பக்கத்துத் தள்ளு கதவு கொண்டியில் சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கதவு ஆறு வயது மகள் புபேயின் பொறுப்பு. குரல் வந்ததும் பிடியை இழுத்துத் திறந்து மறுபடி ஓங்கிச் சாத்துவாள். அவள் சாத்தும்வரை அப்பா வண்டியை எடுக்கமாட்டான். அண்ணன் லுசாஜோவைக்கூட அவள் பிடியைத் தொடவிடுவதில்லை.

போன மாதம் ஒரு சாவுக்குப் போகும்போது, வண்டிக்குள் போதகர் உருகி ஜெபித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்தக் குரல் பேசித் தொலைத்தது.

"யாரு அது? இந்த வண்டியில யாரு குடியிருக்கா?" என்றார் போதகர், கண்ணைத் திறக்காமலே.

வண்டி முழுக்கச் சிரிப்பு. அசாஜிலேக்கு மானம் போயிற்று. மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டு ஒயரை வெட்டச் சொல்லிவிட்டான். கதவுக்கென்று எரிகிற சின்ன விளக்கும் அதோடு செத்தது.

"லுசாஜோ அப்பா, கதவு மாட்டலன்னா இனிமே யாரு சொல்றது?" என்று கேட்டாள் துசெகிலே.

"கண்ணு எதுக்கு இருக்கு? வீட்டுல ஒருத்தி உத்தரவு போடறது பத்தாதா, வண்டியிலயும் ஒருத்தியா?"

அவளும் சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் அதன்பிறகு சாவி திரும்புகிற ஒவ்வொரு காலையும் அவள் காது அந்தக் குரலுக்குக் காத்திருந்து ஏமாந்தது. வீட்டில் ஒரு ஆள் குறைந்தது போலிருந்தது.

சனிக்கிழமை டுக்குயுவில் அசாஜிலேயின் பெரியப்பாவுக்கு அடக்கம். விடிந்தும் வெளிச்சமில்லை, மலை முழுக்கப் பனிமூட்டம். முன்சீட்டில் போதகர். அதனால் துசெகிலே கடைசி வரிசையில், மடியில் அரிசி மூட்டையோடு. கதவோரம் கவிழ்த்த வாளியின் மேல் புபே. கடைசியாக ஓடிவந்து ஏறியவன் அசாஜிலேயின் தம்பி க்வாகிசா. ஒரு கையில் டீக் குவளை, மறு கையால் கதவை இழுத்துவிட்டான். வண்டி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பினார்கள்.

வழியில் கிவிரா மலை இறக்கம் தொடங்கியபோது எல்லோரும் அடக்கப் பாட்டை எடுத்திருந்தார்கள். துசெகிலேயும் பாடினாள். பாதியில் வாய் நின்றது.

புபேயின் தலைத்துணி படபடத்துக்கொண்டிருந்தது. குளிருக்காக ஜன்னல் எல்லாம் ஏற்றியிருந்தது. பிறகு காற்று எங்கிருந்து வருகிறது?

கத்தினால் அசாஜிலே வளைவிலேயே பிரேக்கை மிதித்து வண்டியை ஒடிப்பான். மொத்தப் பேரும் கதவின் மேல் சாய்வார்கள். பிள்ளையைக் கூப்பிட்டால் அது திரும்பிக் கதவில் முதுகைச் சாய்க்கும். மூட்டையைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் ஆட்களின் முழங்கால்களைத் தாண்டி முன்னால் நகர்ந்தாள். இன்னும் மூன்று கை தூரம். ஒவ்வொரு வளைவிலும் அந்த வாளி கதவுப் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"என்ன அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க? ஸ்டியரிங்கப் புடிக்கவா?" என்றான் க்வாகிசா.

அவள் உதட்டில் விரலை வைத்துக் கதவைக் கண்ணால் காட்டினாள். அவன் விரலை மட்டும் பார்த்தான்.

"வண்டிதான் பேசலன்னா அண்ணியும் பேச மாட்டேங்கிறாங்கப்பா! சரி, நான் பேசறேன்." குரலை மெல்லியதாக்கிப் பாடுவதுபோல இழுத்தான்: "டோவாகா ஐத்தே..."

நான்கு பேர் சிரித்தார்கள். புபே நிமிர்ந்தாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். ஒரு மாதமாக இல்லாத வேலை அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. கை கதவின் பிடிக்குப் போயிற்று.

துசெகிலே யார் மேல் விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. புபே இழுத்த வேகத்தில் கதவு கடைசிவரை ஓடித் திறந்தது. பனி முகத்தில் அறைந்தது. வாளி வெளியே போயிற்று. பிள்ளையின் ஒரு செருப்பும் போயிற்று. சட்டையின் பின்பக்கம் மட்டும் அவள் கைக்குள் இருந்தது. தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் இடுப்பை வளைத்து உள்ளே இழுத்தாள்.

வண்டி நின்றது. பாட்டு நின்றது. கீழே பள்ளத்தில் வாளி ஒருதரம் மோதியது. வெகுநேரம் கழித்து இன்னொருதரம்.

"சொல்லிச்சும்மா," என்று அழுதாள் புபே. "அது சொல்லிச்சு. சாத்தத்தான் போனேன்."

க்வாகிசா குவளையைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தான். டீ அவன் கால்மேல் சிந்திக்கொண்டிருந்தது.

அசாஜிலே இறங்கிச் சுற்றி வந்து கதவைச் சாத்தினான். இழுத்துப் பார்த்தான். மறுபடி சாத்தினான். திரும்ப வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோது எல்லோரும் முன்பு குரல் வந்த இடத்தையே பார்த்தார்கள். என்ஜின் சத்தம் மட்டும்தான்.

"மாட்டுச்சா?" என்றாள் துசெகிலே.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. "மாட்டிடுச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

இறக்கம் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அவள் பிள்ளையின் கிழிந்த சட்டையை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.