இளவட்டத்துக்கு அறுபத்தொன்று

பேருந்தில் ஏறியதிலிருந்து இளவட்டம் மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டார். மூன்று முறையும் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தார். சொல்ல வந்த விஷயமும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது.

இளவட்டம் என்பது கடைத்தெரு வைத்த பெயர். ஊர்த் தலைகளுக்கெல்லாம் முடி திருத்துகிறவர், தன் தலைக்கு வாரம் தவறாமல் டை அடித்துக்கொண்டால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் விஷயம் டையோடு நிற்கவில்லை. கல்யாணப் பேச்சின்போது அவருடைய அக்கா, தம்பியின் வயதில் ஐந்தைக் குறைத்துச் சொல்லிவைத்தாள். இவர் வாயே திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் கடை இழுப்பறையில், துருப்பிடித்த கத்தரிக்கோல்களுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கியது. மனைவியைப் பொறுத்தவரை அவருக்கு ஐம்பத்தாறு.

சலவைக்கடையில் நின்றுகொண்டே இஸ்திரி போட்டுப் போட்டு அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. மூட்டு மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்ன செலவைக் கேட்டுவிட்டு, அன்று இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அரசாங்க முதியோர் காப்பீட்டில் அறுபது முடிந்தவருக்கும் அவர் துணைக்கும் அறுவை சிகிச்சை இலவசம். அந்த அறுபதை அறுபத்தைந்தாக்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தவர்களுக்கு மட்டும் பழைய வயது என்று சவரத்துக்கு உட்கார்ந்தவர் செய்தித்தாளை வாசித்தபோது, இளவட்டத்தின் கத்தி அவர் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

இன்று வெள்ளி. "ஏதோ திட்டமாம், கூட வா" என்று மட்டும் சொல்லி அழைத்துவந்திருந்தார்.

காப்பீட்டு அலுவலக வாசலில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"வயச ஏத்தாதேன்னு மனு அண்ணே. வீட்டு வேலை பாக்குறவங்க, கடையில நிக்கிறவங்களை எல்லாம் வயசு பாக்காம சேத்துக்கோன்னும் கேட்டிருக்கோம். போடுங்க."

இளவட்டம் ஆவேசமாகவே போட்டார். பெயர், தொழில், கையெழுத்து. வயது என்ற கட்டத்தில் கை தானாக ஐம்பத்தாறு என்று எழுதியது.

நடத்துநர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பதியவா வந்தீங்க? ஐம்பத்தாறுக்கு உள்ளயே விடமாட்டாங்களே. வரிசை வேற தெருமுனை வரைக்கும் நிக்குது."

சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "அப்ப வாங்க போலாம். கால் வலிக்குது."

இளவட்டம் பேனாவை வாங்கி, எழுதியதை அடித்து, பக்கத்தில் அறுபத்தொன்று என்று எழுதினார்.

"அது... அக்கா அப்ப கொஞ்சம் குறைச்சு..."

"என்னண்ணே, ஒரே நிமிஷத்துல அஞ்சு வருஷமா? அரசாங்கம்கூட இவ்வளவு வேகமா ஏத்தலையே!" என்றார் நடத்துநர்.

இளவட்டம் சிரித்துவைத்தார். மனைவி நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபது எப்ப முடிஞ்சுது?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும்."

"டாக்டரப் பாத்து ஒரு வருஷம் ஆகுது."

"ஆமா."

"இந்தத் திட்டம் அப்பவே தெரியுமா?"

அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என் காலு உங்க வயசயும் சேத்துல்ல சுமந்திருக்கு" என்றாள். குரல் உயரவில்லை.

அவர் மனத்தில் அந்த ஒரு வருடம், உண்மையைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்த வருடம். அவளுக்கு அது வீட்டின் மூன்று மாடிப் படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, நின்று, அடுத்த படி. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை பொறுமையாக ஏறியிருக்கிறார். தன் பொறுமையைத் தானே மெச்சியும் இருக்கிறார். இப்போது நினைக்கையில் உடம்பு கூசியது.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தபோது மத்தியானமாகிவிட்டது. அவர் கொண்டுவந்திருந்த சான்றிதழைப் பார்த்துத் தட்டச்சு செய்த பெண், சுவரோரம் கிடந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டினாள்.

"அட்டையில ரெண்டு பேரும் சேந்த போட்டோ வரணும். சிரிக்கக் கூடாது."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள் மனைவி.

கேமராவுக்குள் பார்த்த பெண் தலையை நிமிர்த்தினாள். "அம்மா பாதிதான் விழறாங்க. ஐயா, நீங்க கிட்ட வாங்க."

இளவட்டம் அரைகுறையாக எழுந்து நாற்காலியை இழுத்தார். அது கிறீச்சிட்டதில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் இழுக்க இடமில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. கேமராவைப் பார்த்தபடியே, வலது முழங்காலை இரண்டு கைகளாலும் மெல்லத் தூக்கி, அவரை நோக்கி ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.